ஊசலார் தேர்ந்தெடுத்த தலைமையாசிரியர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே கல்வியை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். நல்ல ஆள் நீங்கள்! கல்விக்காக யாராவது விடியற்காலையில் எழுந்து வரிசையில் நிற்பார்களா? அந்தக் கூட்டம் ஊசலாருக்காக நின்றது.

ஊசலார் என்பது ஊர் வைத்த பெயர். ஐம்பது வயது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை உடை. வலது கை விரல் நுனியில் ஒரு சிவப்பு நூல், நூலின் அடியில் கோலி அளவில் ஒரு பித்தளைக் குண்டு. குண்டு வட்டமாகச் சுற்றினால் ‘ஆம்’. முன்னும் பின்னும் ஆடினால் ‘இல்லை’. இந்தச் சாஸ்திரத்தின் மொத்தப் பாடத்திட்டமே இவ்வளவுதான். எங்கள் ஏழாம் வகுப்புப் புத்தகம்கூட இதைவிடக் கொஞ்சம் பருமன்.

பெண்ணைக் கணக்குப் பிரிவில் சேர்க்கலாமா, பையனுக்கு முதல் பெஞ்சா கடைசி பெஞ்சா, தேர்வுக்கு நீலப் பேனாவா கறுப்புப் பேனாவா, எல்லாவற்றுக்கும் குண்டு பதில் சொன்னது. ஒரு பஸ் டிரைவர், மகன் கணக்கில் தோற்றதற்கு வீட்டு வாசற்கதவுதான் காரணமா என்று கேட்டார். கதவுதான் என்றது குண்டு. கதவை மாற்றினார். பையன் மறுபடியும் தோற்றான். “கதவு சரியாயிடுச்சு. இனி ஜன்னல்” என்றார் ஊசலார். அந்த வீட்டில் இப்போது எல்லாம் புதுசு. பையனின் மதிப்பெண் மட்டும் பழசு.

சிரிக்காதீர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். நான் இந்தப் பள்ளிக்கூடத்தின் கிளார்க். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஒரு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. பிடுங்கலாமா வேண்டாமா என்று கேட்கப் போனேன். வீட்டுக்காரியும் கூட வந்தாள், வேடிக்கை பார்க்க.

வாசலில் ஊசலாரின் அக்கா டோக்கனும் ஒரு படிவமும் கொடுப்பார். டோக்கன் அக்கா என்போம். படிவத்தில் நான்கு கட்டங்கள். ஒன்று, பெயர். இரண்டு, வயது. மூன்று, உங்கள் கேள்வி. நான்கு, உங்கள் மனம் விரும்பும் விடை.

“இது எதுக்குங்க நாலாவது?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

“மனசுல இருக்கறத இறக்கி வைக்கணும்மா. பாரத்தோட உள்ள போனா குண்டு சுத்தாது” என்றார் டோக்கன் அக்கா.

நான் ஒழுங்காக இறக்கி வைத்தேன். ‘பல்லைப் பிடுங்க வேண்டாம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அந்தத் தாளை ஊசலார் மேசைமேல் விரித்து வைத்து, அதன் மேலேயே குண்டைத் தொங்கவிட்டார். கண்ணைப் பாதி மூடினார். குண்டு முன்னும் பின்னும் ஆடியது. “பிடுங்காதே!” என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மனசில் இருந்ததை அப்படியே சொல்கிறாரே மனிதர்!

வீட்டுக்காரி நான்காவது கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தாள். அவள் கேள்வி, மாமியாரை விட்டுத் தனிக்குடித்தனம் போவது பற்றியது. விவரம் உங்களுக்கு வேண்டாம். அவள் தாளின் மேல் குண்டு கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தது. “காலம் கனியலம்மா. அடுத்த வாரம் வா” என்று அனுப்பிவிட்டார்.

வரும் வழியில் அவள் கேட்டாள். “வலி உங்க வாயில. குண்டு அவர் கையில. ரெண்டுக்கும் நடுவுல என்னங்க சம்பந்தம்?”

“உனக்கு நம்பிக்கை பத்தாது” என்றேன். நான்காம் நாள் என் கன்னம் பன் மாதிரி வீங்கியது. மருத்துவரிடம் ஓடினேன். இரண்டு நாள் விடுப்புக்குக் கடிதம் எழுதினேன். அப்போதும் புத்தி வரவில்லை. குண்டு சரியாகத்தான் சொல்லியிருக்கும், பல்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விடுப்புக் கடிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பெரிய எதிர்காலம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியவர் தாளாளர். அவர் மரச்சாமான் கடை முதலாளி, நல்ல மனிதர். நாற்காலியின் காலை ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். அதில் உட்காரப் போகிற ஆளை மட்டும் ஆட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. “நமக்கு எதுக்குய்யா தலைவலி? ஊசலார் ஐயா சொல்லட்டும்” என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தலைமைப் பதவிக்கு வருகிறவர்களை மாணவர்களும் பேட்டி காண வேண்டும், குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பம், கணக்கு இவற்றுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும் என்று அது சொன்னது.

“பசங்க நாலு கேள்வி கேக்கட்டும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடு” என்றார் தாளாளர். சயின்ஸ் கிளப்பிலிருந்து இரண்டு பெண்களைப் பிடித்தேன். ஆய்வகம் பூட்டிக் கிடந்ததால் பள்ளிக்கூடத்திலேயே வேலையில்லாமல் திரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஒருத்திக்கு ஃபியூஸ் என்று பெயர். ஒருமுறை ஏதோ சோதனை செய்து பள்ளிக்கூடம் முழுவதும் கரண்டைப் போக்கியதால் வந்த பட்டம். மற்றவளுக்குக் கழுகு என்று பெயர். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். வகுப்பின் கடைசியில் எறும்பு ஊர்ந்தாலும் முதல் பெஞ்சிலிருந்து சொல்லிவிடுவாள். பேசவும் செய்வாள், ஆனால் நோட்டில் எழுதிக் காட்டுவதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

போன வருடம் தீ விபத்து ஒத்திகை நடந்தது. அலாரம் அடித்தது. ஆயிரம் பேர் மைதானத்துக்கு ஓடினோம். கணக்கெடுத்தபோது ஒருத்தி குறைந்தாள். மாடிக்கு ஓடிப் பார்த்தால், காலி வகுப்பில் கழுகு மட்டும் தனியாக உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். குனிந்து எழுதினவள் நிமிர்வதற்குள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அவளை அழைத்து வரப் போனவன் நான்தான். நிஜத் தீயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றிலிருந்து ஃபியூஸ் ஒரு கைப்பட்டை செய்து வந்தாள். மணியோ அலாரமோ அடித்தால் மணிக்கட்டில் அதிரும். முக்கால்வாசி முடிந்திருந்தது. அதற்குள் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார், ஆய்வகத்தின் சாவி தொலைந்தது. “புது ஆள் வந்து முடிவு பண்ணட்டும்” என்றார் தாளாளர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மேசைமேல் அந்தப் பட்டை கிடப்பது தெரியும். இரண்டு பேரும் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பேட்டி ஆசிரியர் அறையில் நடந்தது. குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் கோட்டுக்காரர். வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தாளாளர் பாதி மயங்கிவிட்டார்.

“சார், லேபுக்கு வாரத்துல எத்தனை பீரியட் குடுப்பீங்க?” என்றாள் ஃபியூஸ்.

“பாப்பா, அறிவியல் என் மூச்சு!”

கழுகு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ‘மூச்சு. சரி. எத்தனை பீரியட்?’

“அறிவியல் எண்ணிக்கையில அடங்குமாம்மா?”

“டைம்டேபிள்ல அடங்கணுமே சார்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அந்த ரூமையே நான் நவீனமாக்கப் போறேன். ஊசல் அறிவியல் மையம்! ஊசலார் ஐயாகிட்ட பேசியாச்சு. நிரந்தரமா இங்கயே உக்காந்துடுவார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம்னு பரீட்சையே இல்லாம சொல்லிடலாம்.”

“மேசைமேல எங்க சாமான் இருக்கு சார்” என்றாள் ஃபியூஸ். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“அதெல்லாம் பத்திரமா எடைக்குப் போட்டுடலாம்.”

இரண்டாவதாக வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கண்டிப்பா சார்’.

“வாரத்துக்கு ரெண்டு பீரியட் குடுப்பீங்களா?”

“கண்டிப்பா.”

“நாலு?”

“கண்டிப்பா.”

“நாப்பது?”

“கண்டிப்பா, கண்டிப்பா.”

வாரத்துக்கு மொத்தமே நாற்பது பீரியட்தான். ‘மற்ற பாடங்கள், பாவம்’ என்று எழுதிவைத்தாள் கழுகு.

மூன்றாவதாக வந்த டீச்சர் உட்காரவே இல்லை. “லேப் எங்க இருக்கு? அங்கேயே பேசலாமே” என்றார். பூட்டின கதவுக்கு முன்னால் போய் நின்றோம். சாவி தொலைந்த கதையைச் சொன்னேன். டீச்சர் கதவைத் தடவிப் பார்த்து, கைப்பையிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்தார். சீப்பு வைத்திருக்கிற மாதிரி அதையும் வைத்திருந்தார்.

“பூட்ட உடைக்க வேணாம். தாழ்ப்பாளோட திருகு வெளிப்பக்கம்தான் இருக்கு. தாளாளர் சரின்னா ரெண்டு நிமிஷ வேலை.”

ஓடிப்போய்க் கேட்டேன். “ஊசலார் சொன்னப்புறம்தான் எதையும் திறக்கறது” என்று பதில் வந்தது. டீச்சர் ஸ்குரூடிரைவரைக் கைப்பைக்குள் வைத்தார்.

“எத்தனை பீரியட் டீச்சர்?”

“ரெண்டு நிச்சயம். மூணாவது முடியுமான்னு டைம்டேபிளப் பாக்காம சொன்னா பொய்யாயிடும்.”

“நாங்க ஒரு பட்டை செய்யறோம். மணிக்கு மட்டும் அதிராம ஹாரன் சத்தத்துக்கும் அதிருது. எப்படிச் சரி பண்றது?”

“தெரியலையே. நீ என்னென்ன செஞ்சு பாத்தே? அதச் சொல்லு முதல்ல.”

பேசும்போதெல்லாம் அவர் முகத்தைக் கழுகின் பக்கமே திருப்பி வைத்திருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே கவனித்திருக்கிறார். கழுகு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினாள். ‘தெரியலைன்னு சொன்ன முதல் ஆள்.’

இந்தக் குறிப்புகளை எல்லாம் தாளாளர் மேசையில் வைத்தேன். அவர் அதன் மேல் டீ கிளாசை வைத்தார்.

சனிக்கிழமை வந்தது. கலையரங்கில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும், அவ்வளவு கூட்டம். மேடையில் தாளாளர், மூன்று வேட்பாளர்கள், நடுவில் ஊசலார். மேசையில் மூன்று கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தது அடியேன்தான்.

ஊசலார் மைக்கில் பேச ஆரம்பித்தார். பிரபஞ்ச அலை என்றார். மூளையின் காந்தம் என்றார். இதை வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து திகைத்துப்போனார்கள் என்றார். யார், எங்கே, எப்போது என்று கேட்கக்கூடாது. கேட்டால் அலை கலைந்துவிடும். குரலா அது, தேன்! கேட்கக் கேட்க எங்களுக்குக் கண் சொருகியது. எல்லாரும் அந்தக் குண்டையே பார்த்தோம்.

குண்டு முதல் கவரின் மேல் முன்னும் பின்னும் ஆடியது. இரண்டாவதிலும் அதே. கோட்டுக்காரரின் கவருக்கு மேல் வந்ததும் சுற்றத் தொடங்கியது. வட்டம் பெரிதாகியது. கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. கோட்டுக்காரர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தாளாளர் கைகுலுக்க நாற்காலியைத் தள்ளினார்.

முன்வரிசையில் கழுகு நோட்டை ஃபியூஸின் மடியில் வைத்தாள். பின்னால் இருந்த நானும் எட்டிப் படித்தேன்.

‘விரல் முதலில் அசையுது. குண்டு அப்புறம்தான் அசையுது. மூணு கவரிலும். நான் எண்ணினேன்.’

எனக்கு யாரோ பிடரியில் ஒன்று போட்ட மாதிரி இருந்தது. அத்தனை பேர் காதும் அந்தத் தேன்குரலில் நனைந்து கிடந்தபோது, அந்தக் குரல் எட்டாத ஒருத்திதான் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்திருக்கிறாள்.

ஃபியூஸ் விறுவிறுவென்று மேடையேறினாள். “சார், பேட்டியில எங்களுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு.”

“கேளும்மா” என்றார் தாளாளர். அவர் மனசு நிறைந்திருந்த நேரம்.

“குண்டுக்கு உண்மையிலேயே தெரியும்னா, கவர்மேல பேரு எழுத வேண்டியதில்லையே? பேரு இல்லாத அஞ்சு கவர். மூணுல விண்ணப்பம். ரெண்டுல வேற ஏதோ தாள். கலைச்சு வெச்சிடலாம். நல்ல தலைமையாசிரியர் யாருன்னு ஐயா மறுபடி பாக்கட்டும்.”

ஊசலார் சிரித்தார். “சந்தேகம் இருக்கற இடத்துல சக்தி நிக்காது பாப்பா.”

அத்தோடு முடிந்திருக்கும். அவரைக் கவிழ்த்தவர்கள் அவருடைய பக்தர்களேதான்.

“காட்டுங்கய்யா!” என்று ஒருவர் எழுந்தார். “இந்தப் பொடிசுங்க வாய அடைங்க!” என்றார் இன்னொருவர். “ஐயாவையா சோதிக்கறீங்க? கலைச்சுக் குடுங்கடா, நான் கலைக்கறேன்!” என்று பஸ் டிரைவர், அந்தப் புதுக்கதவு, புது ஜன்னல்காரர், மேடையில் தாவி ஏறினார். ஊசலார் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இறங்கியது. நுணலும் தன் வாயால் கெடும். இவர் ரசிகர்களின் வாயால் கெட்டார்.

ஒரே மாதிரி ஐந்து கவர்கள் கொண்டுவந்தேன். மூன்றில் விண்ணப்பங்கள். ஒன்றில் வெற்றுத்தாள். “இன்னும் ஒரு தாள் குடுங்க சார், எதுவானாலும் சரி” என்றாள் ஃபியூஸ். கையிலிருந்த கோப்பின் மேல்தாளைப் பார்க்காமலேயே உருவிக் கொடுத்தேன். டிரைவர் திரைக்குப் பின்னால் போய்க் கலைத்து, ஒட்டி, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

குண்டு நகர்ந்தது. ஒவ்வொரு கவரின் மேலும் தயங்கியது. நான்காவதின் மேல் சுற்றியது. பிரித்தார்கள். வெற்றுத்தாள்.

“வெறுமைன்னா தூய்மை!” என்று முழங்கினார் ஊசலார். “தூய்மையான தலைமை வரும்னு குண்டு சொல்லுது!” கூட்டம் இதற்கும் கைதட்டியது. கைதட்டிப் பழகிய கை, சும்மா இருக்குமா?

“இன்னொரு தடவை” என்றாள் ஃபியூஸ்.

டிரைவர் மறுபடி ஏறிப் புதுக் கவர்களில் போட்டுக் கலைத்துவைத்தார். இந்தத் தடவை இரண்டாவது கவரின் மேல் குண்டு சுற்றியது. பிரித்தால், ஸ்குரூடிரைவர் டீச்சரின் விண்ணப்பம்.

கோட்டுக்காரர் ஊசலாரை முறைத்தார். ஊசலார் நூலை முறைத்தார். தாளாளர் மட்டும் தெளிவாக இருந்தார். “குண்டு மனசு மாறிடுச்சு போல. சரி, டீச்சரே இருக்கட்டும்! முடிஞ்சுது!”

நான் ஃபியூஸைப் பார்த்தேன். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆய்வகம் திறக்கும், பட்டை முடியும், அவள் தோழி இனி தனியாக மாடியில் மாட்டிக்கொள்ள மாட்டாள். ‘சரி சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கழுகைப் பார்த்தாள். கழுகு இல்லை என்று தலையாட்டினாள்.

“வேணாம் சார்” என்றாள் ஃபியூஸ். “எங்களுக்குப் பிடிச்சவங்க டீச்சர்தான். ஆனா இது காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழத்துக்கு ஆசைப்பட்டு நாங்க காக்காவக் கும்பிட முடியாது. இன்னொரு தடவை கலைங்க.”

டீச்சர் அன்றைக்கு முதல் தடவையாகப் புன்னகைத்தார்.

மூன்றாம் முறை குண்டு எடுத்த எடுப்பிலேயே ஐந்தாவது கவரின் மேல் சுற்றோ சுற்றென்று சுற்றியது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போக அதற்கும் ஆசை. டிரைவரே பிரித்து மைக்கில் படித்தார்.

“ஐயா, கடைவாய்ப் பல் வலி காரணமாகக் கன்னம் வீங்கியிருப்பதால், எனக்கு இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன்…”

ஆமாம், அதேதான். என் கடைவாய்ப் பல் தலைமையாசிரியராகிவிட்டது.

கடைசி வரிசையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அரங்கமே வெடித்தது.

“அலை! அலையக் கலைச்சுட்டாங்க!” என்று கத்தினார் ஊசலார்.

கழுகு மேடையேறினாள். அவர் கையிலிருந்து நூலைப் பிடுங்கவில்லை, கையை நீட்டிக் கேட்டாள். ஆயிரம் பேர் பார்க்க, அவர் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். நூலை மைக் கம்பத்தில் கட்டி, கோட்டுக்காரரின் பெயர் எழுதின பழைய கவருக்கு மேல் குண்டைத் தொங்கவிட்டாள். ஆட்டம் நிற்கும்வரை விரலால் பிடித்து, மெதுவாக விட்டாள்.

காத்திருந்தோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குண்டு செத்த பல்லிபோல் தொங்கியது.

“கை இல்லாம ஆடாது” என்றாள் கழுகு. ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலை அன்றைக்குத்தான் பலர் முதல் முறையாகக் கேட்டார்கள்.

“அப்ப எனக்கு எப்படிங்க சரியாச் சொன்னாரு?” என்று ஒரு அம்மா பரிதாபமாகக் கேட்டார். “என் மனசுல இருந்தத அப்படியே சொன்னாரே!”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே என் பல் மைக்கில் ஏறிவிட்டது. இனி எனக்கு என்ன மானம்? அரங்கின் ஓரத்தில் டோக்கன் அக்காவின் மேசையிலிருந்த, நிரப்பிய படிவக்கட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

“நாலாவது கட்டத்துல என்னம்மா எழுதினீங்க?”

“என் மனசு விரும்பற விடைய.”

“அந்தத் தாள எங்க வெச்சு குண்ட ஆட்டினார்?”

“தாள் மேலயே… தாள விரிச்சு…” அந்த அம்மா நிறுத்திவிட்டார். அரங்கம் முழுவதும் வாய்கள் மெல்லத் திறப்பதைப் பார்த்தேன். நாமே எழுதிக் கொடுத்ததை அவர் நம் கண் முன்னாலேயே வாசித்திருக்கிறார், நாம் வாயைப் பிளந்து குண்டைப் பார்த்திருக்கிறோம்! இத்தனை சனிக்கிழமை!

கட்டின் அடியில் ஒரு தாள் கிடந்தது. கையெழுத்து எனக்குப் பழக்கமானது. அதையும் படித்தேன். “கேள்வி: யாரைத் தலைமையாசிரியர் ஆக்கலாம்? மனம் விரும்பும் விடை: கோட்டுப் போட்டவர்.”

தாளாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “படிவம் குடுத்தாங்கய்யா… நிரப்பினேன்” என்றார்.

திரும்பிப் பார்த்தால் ஊசலாரும் டோக்கன் அக்காவும் பின்கதவு வழியாகப் போயிருந்தார்கள். கோட்டுக்காரரும் கிளம்பிவிட்டார். அந்தக் கோட்டின் முதுகில் ஒரு பெரிய ஒட்டுப் போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். முன்பக்கமாகவே நின்று பழகியவர். சிவப்பு நூலும் குண்டும் மட்டும் மைக் கம்பத்தில் தொங்கின.

தாளாளர் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, “யோவ், அந்தப் பசங்க பேட்டிக் குறிப்பு எங்கய்யா?” என்றார். டீ கிளாஸ் வட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேடையிலேயே முழுதும் படித்தார். மூச்சு என்ற இடத்தில் முகம் சுளித்தார். நாற்பது பீரியடில் சிரித்தார். ‘தெரியலைன்னு சொன்ன முதல் ஆள்’ என்ற வரியில் நின்றார்.

“டீச்சர், அந்தத் தாழ்ப்பாள் ரெண்டு நிமிஷம்னீங்களே?”

“ஒன்றரையிலயும் முடிக்கலாம்” என்றார் டீச்சர், கைப்பையைத் திறந்துகொண்டே.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் தீ விபத்து ஒத்திகை வைத்தோம். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் மைதானத்தில் கடிகாரத்தோடு நின்றேன். அலாரம் அடித்தது. எல்லாரும் “என்னடா சத்தம்?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாடிப்படியில் முதல் ஆளாக இறங்கி வந்தாள் கழுகு. அவளுக்குப் பின்னால்தான் அவள் வகுப்பு. மணிக்கட்டைத் தூக்கி எனக்குக் காட்டினாள். சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாரன் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிர்கிறதாம். டீச்சருக்கு இன்னும் காரணம் தெரியவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அன்று கலையரங்கில், கூட்டம் கலையும்போது, மனசைப் படித்தார் என்று சொன்ன அதே அம்மா கழுகிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பயபக்தியோடு கேட்டார்.

“ஏம்மா, யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உனக்கு ஏதாவது சக்தி இருக்கா? எந்தக் கிழமை பாக்கலாம்?”

கழுகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ரெண்டு கண்ணு இருக்கு ஆன்ட்டி” என்றாள். “உங்களுக்கும் இருக்கு.”

எனக்குப் பல் போய்விட்டது, புத்தி வந்துவிட்டது. இந்த வியாபாரத்தில் இதுவே லாபம். உங்களுக்குப் பல்லாவது மிஞ்சட்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன். நாளைக்கு உங்கள் ஊரிலும் ஒருவர் வருவார். கையில் குண்டு இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். குரல் தேனாக இருக்கும். ஒரு படிவத்தை நீட்டுவார். என் வீட்டுக்காரி செய்ததைச் செய்யுங்கள்: நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் தெரிந்த அந்த மகான் எப்படி முழிக்கிறார் என்று தெரியும்.